கிட் ஆவணங்களில் ஓர் ஆப்ஷனை எப்படி விளக்குவது: மூன்று வாசக முறைகளின் ஒப்பீடு

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் மேன் பக்கம் (கட்டளைக்கான கையேட்டுப் பக்கம்) எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் டெர்மினலில் 'கிட் ஹெல்ப் ரீசெட்' என்று அடித்து, பக்கம் திறந்ததும் சாய்கோட்டைத் தட்டி, கட்டளையுடன் சேர்த்துக் கொடுக்கும் ஆப்ஷனின் பெயரைத் தேடி, அந்தப் பதிவின் முதல் ஒன்றிரண்டு வாக்கியங்களைப் பார்த்தவுடன் வெளியேறிவிடுகிறார்கள். மேலே உள்ள அறிமுகப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் கீழே வருவார்கள் என்று எண்ணி எழுதப்பட்ட விளக்கம் இவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது. ஆகவே, ஆப்ஷன் விளக்கங்களின் வாசகத்தை மதிப்பாய்வு செய்ய உட்காருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஒவ்வொரு பதிவின் முதல் வாக்கியத்திலும் எதைச் சொல்வது என்பதைத்தான்.

இப்போதுள்ள ஆவணங்களில் மூன்று முறைகள் கலந்து கிடக்கின்றன. கருவி உள்ளே என்ன செய்கிறது, அதாவது ஹெட் (இப்போது நிற்கும் கமிட்டை, அதாவது பதிந்துவைத்த நிலையைக் காட்டும் குறி) எங்கே நகர்கிறது, இன்டெக்ஸ் (அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்தவை இருக்கும் இடம்) மாறுகிறதா, ஒர்க்கிங் ட்ரீ (நாம் திருத்தும் கோப்புகள்) மாறுகிறதா என்று சொல்வது ஒரு முறை. இதைச் செயல்முறை வாசகம் எனலாம். எந்தத் தேவைக்கு அந்த ஆப்ஷனை எடுக்க வேண்டும் என்று சொல்வது இன்னொன்று; இது பயன் வாசகம். கட்டளை முடிந்தபின் பயனருடைய கோப்புகளிலும் கமிட்டுகளிலும் எது மிஞ்சும், எது போய்விடும் என்று சொல்வது மூன்றாவது. இது விளைவு வாசகம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியபோது அதைக் கையாண்டவர்கள் லினக்ஸ் கெர்னலில் வேலை பார்த்தவர்கள். இன்டெக்ஸ் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செயல்முறை வாசகம் இன்றும் மேலோங்கி நிற்பதற்கு அந்தத் தொடக்கமே ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

என் தேர்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயனரின் வேலை அழிந்துபோக வழியுள்ள ஆப்ஷன்களில் விளைவு முதல் வாக்கியத்திலும், செயல்முறை அதற்கு அடுத்தும் வர வேண்டும். அழிவுக்கு இடமில்லாத ஆப்ஷன்களில் செயல்முறையே முதலில் நிற்கலாம். பயன் வாசகம் பெரும்பாலும் பக்கத்தின் இறுதியிலுள்ள எடுத்துக்காட்டுகளுக்கு உரியது. இந்த விதி எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது என்பதை உண்மையான ஆப்ஷன்களை வைத்துப் பார்க்கலாம்.

ரீசெட் --ஹார்ட்

ரீசெட், கிளையைக் குறிப்பிட்ட கமிட்டுக்குக் கொண்டுபோகும் கட்டளை. அதன் --ஹார்ட் பதிவு பல பதிப்புகளாக, இன்டெக்ஸையும் ஒர்க்கிங் ட்ரீயையும் மீட்டமைக்கும் என்ற செயல்முறை வாக்கியத்துடன் தொடங்கி, குறிப்பிட்ட கமிட்டுக்குப் பின் ட்ராக் செய்யப்படும் (கிட் கண்காணிக்கும்) கோப்புகளில் நேர்ந்த மாற்றங்கள் கைவிடப்படும் என்று தொடர்ந்தது. அந்தக் கோப்புகளை எழுதும்போது ட்ராக் செய்யப்படாத கோப்பு ஏதேனும் குறுக்கே இருந்தால் அதுவும் நீக்கப்படும் என்ற வாக்கியம் பின்னர் சேர்ந்தது. இதில் தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால் 'மாற்றங்கள்' என்ற ஒற்றைச் சொல், மூன்று வேறு கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. கமிட் செய்த மாற்றங்கள் ரெஃப்லாக் (ஹெட்டும் கிளைகளும் நகர்ந்த வரலாற்றின் பதிவேடு) வழியே திரும்பக் கிடைக்கும். கிளையின் (கமிட்டுகளின் ஒரு தொடரின்) நுனியிலிருந்து எட்ட முடியாமற்போன ரெஃப்லாக் பதிவுகளை கிட் இயல்பாக 30 நாள் வைத்திருக்கிறது, மற்றவற்றை 90 நாள். கமிட் செய்யாமல் ஸ்டேஜ் மட்டும் செய்த (இன்டெக்ஸில் சேர்த்த) உள்ளடக்கம் கிட்டின் ஆப்ஜெக்ட் கிடங்கில் பெயரற்ற பிளாபாக, அதாவது கோப்புப் பெயர் இல்லாத உள்ளடக்கமாகக் கிடக்கும். 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' கொடுத்துப் பொறுமையாகத் தேடினால் எடுத்துவிடலாம், குப்பை நீக்கம் ஓடி இரண்டு வாரத்துக்கு மேற்பட்டதைத் துடைத்துவிடாத வரையில். ஸ்டேஜ் செய்யாத திருத்தங்களுக்கு கிட்டிடம் எந்தப் பிரதியும் கிடையாது. விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு இந்தப் பதிவைத் தேடி வருபவருக்கு வேண்டியது இந்த மூன்றாவது செய்திதான், அதைத்தான் பழைய வாசகம் பிரித்துச் சொல்லவில்லை.

அண்மைக்காலப் பதிப்புகளில் இந்தப் பதிவு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. எல்லாக் கோப்புகளையும் அடைவுகளையும் குறிப்பிட்ட கமிட்டில் உள்ளபடி மேலெழுதும், ட்ராக் செய்யப்படாதவற்றையும் மேலெழுதக்கூடும் என்று இப்போது தொடங்குகிறது. இன்டெக்ஸ் பின்னுக்குப் போயிருக்கிறது. இது பெரிய முன்னேற்றம். எனினும், மேலெழுதப்படும் கோப்பில் இருப்பது தான் காலையிலிருந்து செய்த வேலை என்பதைப் படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்றாக நான் முன்வைக்கும் வாசகம் இது: "ஸ்டேஜ் செய்தவை உட்பட, கமிட் செய்யாத மாற்றங்கள் அனைத்தையும் நீக்கி, ட்ராக் செய்யப்படும் கோப்புகளைக் குறிப்பிட்ட கமிட்டில் உள்ளபடி ஆக்கும். ஸ்டேஜ் செய்யாத மாற்றங்களை கிட்டைக் கொண்டு மீட்க இயலாது." மீட்கும் வழிகளையும் இங்கேயே எழுதலாமே என்று கேட்கலாம். ரெஃப்லாக், எஃப்எஸ்சிகே ஆகியவற்றின் விவரம் அவற்றின் பக்கங்களிலேயே இருக்கட்டும். ஆப்ஷன் பதிவு பாடப்புத்தகமாக நீண்டால் முதல் வாக்கியத்தின் கனம் குறைந்துவிடும்.

பயன் வாசகத்தை இங்கே ஏன் ஒதுக்குகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். "எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுத்தமான நிலைக்குத் திரும்ப விரும்பினால் இதைப் பயன்படுத்துக" என்று எழுதினால், கடைசிக் கமிட்டை மட்டும் விலக்கிவிட்டுத் திருத்தங்களை வைத்துக்கொள்ள நினைப்பவரும் அது தன்னைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. தேவையைச் சொல்லும் வாக்கியம் ஒரு வகைப் பயனரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. மற்ற வகையினர் அதைப் படிக்கமாட்டார்கள் என்று எந்த உறுதியும் இல்லை.

அதே பக்கத்தில் இருக்கும் --சாஃப்ட் ஆப்ஷனுக்கு இந்த வாதம் பொருந்தாது. அது கோப்புகளையும் தொடுவதில்லை, இன்டெக்ஸையும் தொடுவதில்லை. கடைசி ஐந்து கமிட்டுகளை ஒன்றாக்க இதைக் கொடுத்துவிட்டு மீண்டும் கமிட் செய்யலாம் என்ற எடுத்துக்காட்டை அண்மைப் பதிப்புகள் ஆப்ஷன் பதிவுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அது நல்ல முடிவு. எதையும் மாற்றாத ஆப்ஷன் எதற்குத்தான் இருக்கிறது என்று குழம்பும் புதியவருக்கு, பயனைச் சொன்னால் மட்டுமே விளங்கும்.

ஒரே வரியில் சொல்ல வேண்டிய இடம்

மேன் பக்கத்தைவிட அதிகம் பார்க்கப்படுவது '-எச்' கொடுத்தால் டெர்மினலில் வரும் சுருக்கம். அங்கே ஓர் ஆப்ஷனுக்கு ஒரு வரிதான். 'கிட் ரீசெட் -எச்' என்று அடித்துப் பாருங்கள். --ஹார்ட் எதிரே ஹெட், இன்டெக்ஸ், ஒர்க்கிங் ட்ரீ மூன்றையும் மீட்டமை என்று இருக்கும். அதற்கு அடுத்து வரும் --மெர்ஜ் எதிரேயும் எழுத்து மாறாமல் அதே வரிதான் இருக்கும். செயல்முறை நோக்கில் இது பொய்யல்ல. இரண்டும் அந்த மூன்றையும் தொடுகின்றன. ஆனால் --மெர்ஜ், ஸ்டேஜ் செய்யாத திருத்தங்களைக் காப்பாற்றுகிறது. காப்பாற்ற முடியாத நிலை வந்தால் எதையும் செய்யாமல் நின்றுவிடுகிறது. --ஹார்ட் அந்தத் திருத்தங்களை அழிக்கிறது. எதைத் தொடுகிறது என்று மட்டும் சொல்லும் முறை, பயனருக்கு உயிர்நாடியான வேறுபாட்டை எவ்வளவு எளிதாகத் தவறவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. --ஹார்ட் வரியின் இறுதியில் 'கமிட் ஆகாத மாற்றங்கள் நீங்கும்' என்றும், --மெர்ஜ் வரியின் இறுதியில் 'ஸ்டேஜ் ஆகாத மாற்றங்கள் காக்கப்படும்' என்றும் சேர்த்தாலே போதும்.

மேன் பக்கத்தின் தொடரமைப்புப் பகுதியும் (கட்டளையை எழுதும் வடிவம்) '-எச்' காட்டும் பயன்பாட்டு வரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க கிட்டின் சோதனைத் தொகுப்பில் தனியாக ஒரு சோதனை உண்டு. அது ஒப்பிடுவது தொடரமைப்பை மட்டும்தான். விளக்க வாசகங்கள் இரண்டு இடத்திலும் வெவ்வேறாக இருந்தாலோ, இரண்டு ஆப்ஷன்களுக்கு ஒரே வரி இருந்தாலோ, மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலை, ட்ராக் செய்யப்படாத கோப்புகளை நீக்கும் 'கிட் கிளீன்' கட்டளையில் இருக்கிறது. அங்கே சுருக்கம் தெளிவாகவும் முழுப் பதிவு மறைவாகவும் அமைந்துவிட்டன. சின்ன எக்ஸ் ஆப்ஷனுக்கு '-எச்' தரும் வரி, புறக்கணிக்கப்பட்ட (கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்இக்னோர் பட்டியலில் போட்ட) கோப்புகளையும் சேர்த்து நீக்கு என்பது. பெரிய எக்ஸுக்கு, புறக்கணிக்கப்பட்டவற்றை மட்டும் நீக்கு என்பது. ஒரு பார்வையில் புரிகிறது. மேன் பக்கத்தில் சின்ன எக்ஸின் பதிவோ, வழக்கமான புறக்கணிப்பு விதிகளைப் பயன்படுத்தாதே, ஆனால் கட்டளை வரியில் தரப்பட்ட விதிகளைப் பயன்படுத்து என்று தொடங்குகிறது. விதிகளைப் பயன்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாக்கியத்தில்தான் அறிகிறோம். அங்கும் உதாரணமாக வருபவை பில்டில் உருவான கோப்புகள். பில்ட் கோப்புகள் போனால் போகட்டும், திரும்ப உருவாக்கலாம். இன்றைய ப்ராஜெக்ட்களில் கிட்இக்னோர் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதோ, கடவுச்சொற்களும் ஏபிஐ சாவிகளும் கொண்ட .என்வ் கோப்பு. அது கமிட் ஆகவே கூடாது என்றுதான் பட்டியலில் போடுகிறோம். ஆகவே கிட்டில் அதற்குப் பிரதி இல்லை, ரெஃப்லாக்கிலும் இல்லை. கிளீன் கட்டளை -எஃப் கொடுக்காமல் எதையும் அழிக்க மறுப்பதும், -என் கொடுத்தால் எவை அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டுவதும் நல்ல காவல்கள்தாம். என்றாலும், இணையத்தில் எங்கோ கண்ட '-எஃப்டிஎக்ஸ்' என்ற மூன்றெழுத்துக் கூட்டைப் புரிந்துகொள்ளத்தான் ஒருவர் இந்தப் பக்கத்துக்கு வருகிறார். காவலைத் திறக்கும் எழுத்து அந்தக் கூட்டிலேயே இருக்கிறது. "கிட்இக்னோர் பட்டியலில் உள்ள, ட்ராக் செய்யப்படாத கோப்புகளையும் நீக்கும், உள்ளூர் அமைப்புக் கோப்புகளும் இதில் அடங்கும்" என்பதே இந்தப் பதிவின் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். விதிகளைப் பற்றிய விவரம் அப்படியே இரண்டாம் வாக்கியமாகட்டும்.

புஷ்: எச்சரிக்கை எப்போது எச்சரிக்கையாகிறது

நம் கமிட்டுகளை ரிமோட் ரெப்போவுக்கு (வேறிடத்தில் உள்ள களஞ்சியத்துக்கு) அனுப்பும் புஷ் கட்டளையில், வலிந்து மேலெழுதும் --ஃபோர்ஸ் பதிவில் விளைவு சொல்லப்பட்டே வந்திருக்கிறது: ரிமோட் ரெப்போ கமிட்டுகளை இழக்கக்கூடும், கவனமாகப் பயன்படுத்துக. என் விதிப்படி இது தேறிவிட வேண்டும். ஆனால் 'கவனமாகப் பயன்படுத்துக' என்பது எதையும் செய்யச் சொல்லாத எச்சரிக்கை. கவனமாக இருக்க நினைப்பவர் என்ன செய்ய வேண்டும்? அதற்கான பதில் அதே பதிவில் கீழே இருக்கிறது: --ஃபோர்ஸ், புஷ் செய்யப்படும் எல்லா ரெஃப்களுக்கும் (கிளை முதலான பெயர்களுக்கும்) பொருந்தும், புஷ்.டிஃபால்ட் அமைப்பு 'மேட்ச்சிங்' (இரு பக்கமும் ஒரே பெயருள்ள எல்லாக் கிளைகளையும் அனுப்புவது) என்றிருந்தால் தற்போதைய கிளை தவிர மற்ற கிளைகளும் மேலெழுதப்படலாம். ஒரு கிளையை மட்டும் வலிந்து புஷ் செய்ய ரெஃப்ஸ்பெக்கின் (எந்தக் கிளை எங்கே போக வேண்டும் என்ற குறிப்பின்) முன்னே கூட்டல் குறி இடலாம். 2014-இல் வந்த 2.0 பதிப்பு இயல்பு அமைப்பை 'சிம்பிள்' (தற்போதைய கிளையை மட்டும் அனுப்புவது) என்று மாற்றியதால் இந்த ஆபத்து குறைந்தது, ஆயினும் பழைய அமைப்புக் கோப்பை இயந்திரத்துக்கு இயந்திரம் எடுத்துச் செல்பவர்களுக்கு அது இன்னும் உண்டு. விளைவு வாசகம் என்றால் அச்சுறுத்தும் சொல்லைச் சேர்ப்பது என்று பொருளல்ல. எது, எந்த அளவுக்கு, எதைச் செய்தால் குறையும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

2013 இறுதியில் 1.8.5 பதிப்புடன் வந்த --ஃபோர்ஸ்-வித்-லீஸ் வேறு வகைச் சிக்கல். இது பாதுகாப்பானது என்ற பெயரை வாங்கிவிட்டதால், பயன் வாசகம் எழுதுவதற்கு ஆசை பிறக்கும்: "பிறர் புஷ் செய்ததை அழிக்காமல் வலிந்து புஷ் செய்ய." அப்படி எழுதினால் அது பொய் வாக்குறுதியாகிவிடும். எதிர்பார்க்கும் மதிப்பைத் தராமல் இந்த ஆப்ஷனைக் கொடுத்தால், ரிமோட் கிளையின் நிலையை நம்மிடமுள்ள ரிமோட்-ட்ராக்கிங் கிளையோடுதான் (ரிமோட் கிளை கடைசியாக இருந்த இடத்தின் உள்ளூர்க் குறிப்போடு) கிட் ஒப்பிடுகிறது. எடிட்டர் ஏதாவது பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் (ரிமோட்டில் புதிதாக வந்ததை இறக்கிக்கொண்டிருந்தால்), சக ஊழியர் சற்று முன் புஷ் செய்த கமிட், நாம் பார்க்காமலேயே நம்மிடம் வந்து பதிவாகிவிடும். ஒப்பீடு வெற்றி பெறும். அவர் வேலை போய்விடும். மேன் பக்கம் இதை மறைக்கவில்லை. பின்னணி ஃபெட்ச்சுடன் இந்த வடிவம் மிக மோசமாக மோதும் என்று விரிவான குறிப்பே எழுதியிருக்கிறது; அது பதிவின் பிற்பகுதியில் இருக்கிறது என்பதுதான் குறை.

ஆகவே இங்கே செயல்முறையும் விளைவும் பிரிக்க முடியாதவை. இந்த ஆப்ஷனின் விளைவே ஒரு நிபந்தனை. நிபந்தனையைச் சொல்லாமல் விளைவைச் சொல்ல முடியாது. "ரிமோட் கிளை, உங்கள் ரிமோட்-ட்ராக்கிங் கிளை காட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் மேலெழுதும். கடைசி ஃபெட்ச்சுக்குப் பின் வந்த கமிட்டுகளை மட்டுமே இது காக்கும். அந்த ஃபெட்ச் உங்களுக்குத் தெரியாமல் நடந்ததாக இருந்தாலும் அப்படியே." இந்த இரண்டாவது வாக்கியத்தை நீளம் கருதி வெட்டச் சொல்பவர்கள் இருப்பார்கள். நான் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இந்த ஓட்டையை அடைக்க 2020 டிசம்பரில் 2.30 பதிப்பு கொண்டுவந்த --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்லூட்ஸ் பதிவிலும் வரிசையை மாற்ற வேண்டும். ரிமோட்-ட்ராக்கிங் கிளையின் நுனி நம் உள்ளூர்க் கிளையின் ரெஃப்லாக்கில் எங்காவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இது சரிபார்க்கிறது. ஆனால் லீஸ் ஆப்ஷன் இல்லாமல் தனியாகக் கொடுத்தால், அல்லது லீஸுக்கு வெளிப்படையான மதிப்பைக் கொடுத்தால், இது சத்தமில்லாமல் எதையும் செய்யாது. காவலுக்கு இருப்பதாக நினைக்கும் ஆள் வேலைக்கே வரவில்லை என்ற செய்தி, பதிவின் இறுதிப் பகுதியில் இருக்கத் தகுந்ததல்ல.

அவர்ஸ், தேர்ஸ்

விளைவு வாசகம் ஒரே வாக்கியத்தில் அடங்காத ஆப்ஷன்களும் உண்டு. கான்ஃப்ளிக்ட்டில், அதாவது இரு பக்கத்து மாற்றங்கள் மோதும்போது, எந்தப் பக்கத்தை எடுப்பது என்று சொல்பவை செக்அவுட் கட்டளையின் --அவர்ஸ், --தேர்ஸ். இவற்றை மேன் பக்கம் இன்டெக்ஸின் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று விளக்குகிறது. மெர்ஜ் (இரு கிளைகளை இணைத்தல்) ஆனாலும் ரீபேஸ் (நம் கமிட்டுகளை வேறு அடிக்கிளைமேல் மாற்றி வைத்தல்) ஆனாலும் மாறாத உண்மை அது. கான்ஃப்ளிக்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அடுத்து வரும் குறிப்பு, ரீபேஸின்போது இவை இடம் மாறியதுபோல் தோன்றலாம் என்கிறது. அந்தத் தயக்கம் தேவையற்றது. ரீபேஸ் செய்யும்போது கிட் முதலில் அடிக்கிளைக்குப் போய் நின்றுகொண்டு நம் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் எடுத்து வைக்கிறது. ஆகவே அங்கே 'அவர்ஸ்' எப்போதுமே அடிக்கிளையின் பக்கம், 'தேர்ஸ்' எப்போதுமே நாம் எழுதியது. இங்கே என் தேர்வு, செயல்முறை வாக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளி, மெர்ஜுக்கு ஒரு வாக்கியமும் ரீபேஸுக்கு ஒரு வாக்கியமுமாக எது கையில் நிற்கும் என்று நேராகச் சொல்வது. 'தோன்றலாம்' என்ற சொல் எங்கும் வரக்கூடாது.

--கேச்டு, --இன்டெக்ஸ், --ஸ்டேஜ்டு என்ற ஆப்ஷன் பெயர்கள் குழப்புகின்றன என்ற பழைய வழக்கை இந்த மதிப்பாய்வில் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலாவது இன்டெக்ஸை மட்டும் தொடும், இரண்டாவது இன்டெக்ஸையும் சேர்த்துத் தொடும் என்ற வேறுபாட்டை கட்டளை வரி மரபுகளுக்கான கிட்சிஎல்ஐ பக்கம் நன்றாகவே விளக்குகிறது. டிஃப் கட்டளையில் மூன்றாவது முதலாவதின் மறுபெயர். பெயரே குழப்பமாக இருக்கும்போது விளக்கத்தின் வாசகத்தை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

இனி எஞ்சியிருப்பது செலவும் வரிசையும். மேன் பக்கங்களை மொழிபெயர்ப்பவர்கள் பிஓ4ஏ கருவியைக் கொண்டு பத்தி பத்தியாக வேலை செய்கிறார்கள். மூலத்தில் ஒரு பத்தி மாறினால் எல்லா மொழிகளிலும் அந்தப் பத்தி மறுபார்வைக்குத் திரும்பிவிடும். ஆகவே சொல்லழகுக்காகத் தொடாமல், முதல் வாக்கியத்தின் பொருள் மாறும் இடங்களை மட்டும் தொடுவதே நியாயம். கிளீன் கட்டளையின் சின்ன எக்ஸ் பதிவு முதலில் போகலாம்: ஒரே பத்தி, யாரும் மறுக்க முடியாத மாற்றம். ரீசெட்டின் இரண்டு '-எச்' வரிகளை அதனுடன் சேர்க்காமல் தனி பேட்ச்சாக (திருத்தத் தொகுப்பாக) அனுப்புவது நல்லது, ஏனெனில் அது ஆவணக் கோப்பு அல்ல, சி மூலநிரலில் உள்ள மொழிபெயர்ப்புச் சரம். புஷ் பதிவுகள் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் சேர்ந்தே மாற வேண்டும். அவர்ஸ், தேர்ஸ் குறிப்பு செக்அவுட் பக்கத்திலும் ரெஸ்டோர் பக்கத்திலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது; ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் இரு பக்கங்களும் இரண்டு விதமாகப் பேசத் தொடங்கும் என்பதால், இரண்டையும் ஒரே பேட்ச்சில் மாற்றத் தயாராகும்வரை அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.